மடித்துணியும் கொசுத்தேனீப் பிசினும்

முப்பத்து மூன்று வயதில் எனக்குச் சால்வை போர்த்தி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து, ஓய்வுக்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று தெலுங்கிலும் தமிழிலும் வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் மாம்பழ ஃபாக்டரியை வேறொரு கம்பெனி வாங்கியது. புதிய கம்பெனிக்குப் பெங்களூரில் பெரிய லேப் இருக்கிறதாம். பாகாலாவில் இருக்கும் ஒற்றை அறை லேப் வேண்டாமாம். விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதம் நீட்டினார்கள். விருப்பம் யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு ரிடையர்டு ஆசாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் என்னைப் பார்த்து, "உனக்கும் முட்டி வலியாம்மா?" என்று கேட்டார்.

வெளியே வரும்போது பேக்கிங் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "யக்கா, பல்லியப் பாத்து மருந்து கண்டுபுடிச்சது நீதானாமே? போலீஸ்ல மாட்டினியாமே? எழுதி வைக்கா, இல்லாங்காட்டி மேனேஜர்தான் கண்டுபுடிச்சார்னு சொல்லிக்கினு இருப்பாங்க" என்றார்கள். அதற்காகவே எழுதுகிறேன். அடக்கத்தோடு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் கிழித்துப் போட்ட பிறகு அடக்கத்தை விட்டுவிட்டேன்.

சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா, ஊரார் மாந்தோப்புகளுக்கு மருந்து தெளிக்கப் போவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை உள்ளே இருந்து பார்த்த முதல் ஆள் நான். இன்டர்மீடியட் பாஸ் செய்துவிட்டு அந்த ஃபாக்டரியில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குப் பழம் அனுப்பலாம் என்று கதவு திறந்துவிட்ட காலம் அது. சித்தூர் ஜில்லா முழுக்க மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள் முளைத்தன. எங்களுடையது கூழோடு முழுப் பழத்தையும் பெட்டி கட்டி அனுப்பியது. எங்கள் தெருவில் பாதிப் பேர் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போனார்கள். நான் பாகாலா வரைக்கும்தான் போனேன். ஒரு வருஷம் பெல்ட்டில் ஓடும் பழங்களைத் தரம் பிரித்தேன். பிறகு லேபுக்கு ஒரு ஆள் வேண்டும், இங்கிலீஷ் லேபிள் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். பெல்ட்டில் நின்ற நாற்பது பேரில் என் கைதான் உயர்ந்தது.

லேப் என்றால் ஒரு அறை. அதில் ஒரு மைக்ராஸ்கோப், நீராவியில் சாமான்களைக் கொதிக்கவைக்கும் ஆட்டோகிளேவ் ஒன்று, கண்ணாடியும் மரமும் சேர்த்துச் செய்த ஒரு பெட்டி, நான்கு கால் ஸ்டூல் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சேஷாத்ரி சார்.

சார் திருப்பதிக்காரர். அண்ணன் தம்பி எல்லோரும் பெருமாள் கைங்கரியத்துக்குப் போக, இவர் மட்டும் பூஞ்சைகளின் பின்னால் போனார். தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் பாகாலா வந்து இறங்குவார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்கும். கையில் கூஜா, அதில் அவர் வீட்டுத் தண்ணீர். ஃபாக்டரி டீயைத் தொடமாட்டார். பூஞ்சையைப் பற்றிப் பேசினால் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். "பாரு லட்சுமி, எவ்வளவு லட்சணமா முளைச்சிருக்கு பாரு!" என்று அழுகிய பழத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கூத்தாடுவார். என் முழுப் பெயர் முனிலட்சுமி. அவர் வாயில் 'முனி' நுழையவில்லை.

லேப் வேலையின் முதல் விதி, சோதனைத் தட்டில் நாம் வைத்த பூஞ்சையைத் தவிர வேறெதுவும் முளைக்கக் கூடாது என்பது. உருளைக்கிழங்குச் சாற்றில் அகார் என்னும் கடற்பாசித் தூளைப் போட்டுக் காய்ச்சி, ஆட்டோகிளேவில் வைத்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் கண்ணாடித் தட்டுகளில் ஊற்ற வேண்டும். கை, கத்தி, தட்டின் விளிம்பு எல்லாமே சுத்தமாக இருக்க வேண்டும். இதை எனக்கு விளங்கவைக்கச் சார் தன் வீட்டு ஆசாரத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்து வைத்திருந்தார். "மடி. புரியறதோ? ஆட்டோகிளேவ்லேந்து வந்தது மடி. அதை வேற எதுவும் தொடப்படாது. தொட்டா விழுப்பு. விழுப்பைத் தூக்கிக் குப்பையில போடு."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: தள்ளி நில். இங்கேயோ தட்டு ஊற்றும் நேரம் முழுக்க நான்தான் மடி. நான் பெட்டிக்குள் கையை விட்டதும் சார் மூன்றடி தள்ளி நிற்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கும். கை ஆடக் கூடாது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்தக் கோடையில் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பழத்தின் தோலில் பூஞ்சைக்கொல்லி மருந்தின் மிச்சம் இருக்கிறது, இனிமேல் மருந்தில் முக்கிய பழம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். மருந்தில் முக்காமல் அனுப்பினால் பங்கனப்பள்ளியின் மஞ்சள் தோலில் கரும்புள்ளி நோய் வரும். பெட்டி போய்ச் சேர்வதற்குள் பழம் சிறுத்தைக்குட்டி மாதிரி ஆகிவிடும். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதே வாரம் குடோனில் பழைய மீட்டர் பெட்டியைக் கழற்றினார்கள். உள்ளே கொசுத்தேனீ கூடு கட்டியிருந்தது. கொட்டாத, கொசு அளவே இருக்கும் தேனீ அது. எலக்ட்ரீஷியன் கூட்டைச் சுரண்டித் தள்ளும்போது, கறுப்புப் பிசினில் மூடிய ஒரு பல்லி விழுந்தது. எப்போதோ உள்ளே புகுந்து செத்திருக்கிறது. தூக்கி வெளியே போட முடியாத தேனீக்கள் அதன்மேல் பிசினைப் பூசி மூடிவிட்டன. எல்லோரும் "ச்சீ" என்றார்கள். நான் மோந்து பார்த்தேன். கற்பூரமும் மரப்பட்டையும் கலந்த வாசனை அடித்தது. நாற்றம் இல்லை. பூஞ்சை இல்லை. வால் நுனி வரை அப்படியே காய்ந்திருந்தது.

அந்தப் பல்லியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன்.

"சார், இத பாருங்க. செத்து எத்தினி நாளோ, அழுவவே இல்ல."

சார் நாற்காலியோடு பின்னால் போனார். பல்லி மேலே விழுந்தால் தலைமுழுக்குப் போட வேண்டும். ஆனால் கண் அந்தப் பிசினைவிட்டு நகரவில்லை. "அப்படியே மேஜை மேல வை. தேனீப் பிசினா? மரத்திலேந்து கொண்டுவந்து பூசறதே, அதுவா?" நாற்காலியோடு மெல்ல முன்னால் வந்தார். "ஏம்மா, பல்லியைக் காப்பாத்தறது மாம்பழத்தைக் காப்பாத்தாதோ?"

அவர் சொல்வதற்கு முன்பே நான் அதை நினைத்துவிட்டேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

பிசின் தண்ணீரில் கரையாது. தூளாக்கி ஸ்பிரிட்டில் போட்டு, இருட்டான அலமாரியில் வைத்து, ஒரு வாரம் தினமும் குலுக்க வேண்டும். ஸ்பிரிட் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்ததும் வடிகட்ட வேண்டும். எல்லாச் சோதனையிலும் வெறும் ஸ்பிரிட் மட்டும் ஊற்றிய தட்டு ஒன்று தனியாக இருக்க வேண்டும் என்பதில் சார் பிடிவாதமாக இருந்தார். "இல்லேன்னா குணம் பிசினுக்கா சாராயத்துக்கான்னு கேப்பான். கேக்கறவன் வாயை முன்னாடியே அடைச்சுடணும்."

நல்ல வடிகட்டி திருப்பதியில் சாருக்குத் தெரிந்த ஒரு காலேஜில்தான் இருந்தது. வடிகட்டிய பாட்டிலோடு நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆந்திராவில் மதுவிலக்கு இருந்த வருஷம் அது. வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு கான்ஸ்டபிள் ஏறினார். என் பையிலிருந்து வந்த ஸ்பிரிட் வாசனை அவரை நேராக என்னிடம் கூட்டிவந்தது.

"ஏமம்மா, பாட்டில்லோ ஏமி?"

நான் தைரியமாகத் தெலுங்கில் பதில் சொன்னேன். "மந்து சார்."

தெலுங்கில் மந்து என்றால் மருந்து. தோப்புக்கு அடிக்கும் மருந்தும் மந்துதான். சாராயமும் மந்துதான். பஸ் முழுக்கச் சிரித்தது. "பொண்ணுக்கு என்னா நெஞ்சழுத்தம் பாரு, கேட்டதும் ஒத்துக்கிச்சே!" என்றார் பின்சீட்டுக்காரர்.

"ஐயோ, செட்டுக்கு மந்து சார், மாமிடிக்கு!" என்று கத்தினேன், மரத்துக்கான மருந்து, மாமரத்துக்கு என்று. குடிக்கிறது இல்லை என்று நிரூபிக்க பின்சீட்டுக்காரர் தம்ளரில் தண்ணீர் வாங்கி அதில் நாலு சொட்டு விட்டேன். பிசின் கலந்த ஸ்பிரிட் தண்ணீரில் பட்டால் பால் மாதிரி வெளுக்கும். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. தம்ளர் வெள்ளையாகக் கலங்கி நின்றது.

"கல்லு!" என்றார் கான்ஸ்டபிள். கள் என்று முடிவே கட்டிவிட்டார். விரலைப் பாட்டிலில் தோய்த்து நாக்கில் வைத்தார். கசப்பில் முகம் கோணியது. பிறகு நாக்கு மரத்துப் போயிற்று. ஏதோ திட்டினார், ஒரு சொல்லும் புரியவில்லை. நாக்கைத் துடைத்த இரண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டிய விரல்களாலேயே "போ, போ" என்று டிரைவருக்குக் கை காட்டினார். சாரிடம் சொன்னபோது, முதல் மனிதச் சோதனை வெற்றி என்றார்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் தட்டுச் சோதனை ஆரம்பமானது. கரும்புள்ளிப் பூஞ்சையில் ஒரு துண்டை நடுவில் வைத்து, சில தட்டில் பிசின் மருந்து, சில தட்டில் வெறும் ஸ்பிரிட், சில தட்டில் ஒன்றுமில்லாமல் ஊற்றினேன். மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் மிளகுத்தூள் தூவியது மாதிரி வேறொரு கறுப்புப் பூஞ்சை. நாங்கள் வைத்தது அதன் அடியில் அமுங்கிக் கிடந்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடி மிளகுத்தூள். நான்காவது முறையும் அப்படியே ஆனதும் சார் என் கைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நன்னா அலம்பினியோ?"

"அலம்பினேன் சார். ஸ்பிரிட்டும் போட்டேன்."

"தலையில எண்ணெய்? பூ?"

"இல்ல சார்."

"பின்னே எங்கேந்து வரது?" என்றார். அந்தக் கேள்வி அறையில் நின்றுகொண்டே இருந்தது. ஐந்தாவது முறை கெட்டதும் மேனேஜர் உள்ளே வந்தார். "சீசனுக்குள்ள முடிவு காவாலி, முடிவு வேணும் சார். இந்தப் பொண்ணு வேணாம், படிச்ச ஆளுங்க வீட்லருந்து ஒருத்தர போட்டுக்கலாம். லட்சுமி, நீ திங்கக்கிழமலருந்து பெல்ட்டுக்குப் போயிடும்மா."

சார் குனிந்து கெட்ட தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். அதுதான் சுட்டது. சாப்பாட்டு நேரத்தில் பெல்ட் தோழி ரேவதி வேறு, "இன்னாடி சயின்டிஸ்ட், ஸ்டூல் கால் ஒடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். அந்த ஸ்டூல் ஒரு வேலை மட்டுமில்லை. நைனா ஊரில் எல்லோரிடமும் "எம் பொண்ணு ஒக்காந்து செய்யற வேல" என்று சொல்லிவைத்திருந்தார்.

நேராகச் சாரிடம் போனேன். "சார், திங்கக்கிழம வரைக்கும் டைம் குடுங்க. எங்கேந்து வருதுன்னு நானு கண்டுபுடிக்கிறேன். என் கையிலருந்துன்னா நானே போயிடறேன்."

"எப்படிக் கண்டுபிடிப்பே?"

"தட்டைத் தொறந்து வச்சிக் கேக்கறேன் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பண்ணு" என்றார்.

எட்டுத் தட்டு ஊற்றினேன். ஒவ்வொன்றையும் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் திறந்து வைத்து மூடுவது திட்டம். கதவருகே ஒன்று. ஜன்னலில் ஒன்று. குழாயடியில் ஒன்று. என் பின்னலுக்குக் கீழே ஒன்று. இன்னொன்றில் என் ஐந்து விரலையும் பதித்தேன். சாரின் கூஜா மூடியை ஒன்றில் தட்டினேன். ஒரு தட்டைத் திறக்கவே இல்லை, அது சாட்சி.

எட்டாவதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தபோதுதான் அந்தத் துணி கண்ணில் பட்டது. கண்ணாடிப் பெட்டியின் வாய்க்குத் திரையாகச் சார் வீட்டிலிருந்து கொண்டுவரும் மடித்துணி அது. துவைத்து, வீட்டில் யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்த்தி, தனிப்பையில் எடுத்து வருவார். அதைக் குச்சியால்தான் தூக்குவார். லேபில் நான் தொடக் கூடாத ஒரே பொருள் அதுதான். யாரும் தொடக் கூடாது என்பதால் அது ஆட்டோகிளேவுக்குள்ளும் போனதில்லை. என் எட்டுத் தட்டையும் ஊற்ற வசதிக்காக அன்று அதைக் குச்சியால் ஓரமாகத் தள்ளியிருந்தேன். இப்போது குச்சி நுனியால் துணியை எட்டாவது தட்டின் மேல் ஒரு முறை உதறினேன். கோயிலில் திருடுகிற மாதிரி இருந்தது.

தட்டுகளின் அடியில் வெறும் எண்கள்தான் எழுதினேன். எந்த எண் எந்த இடம் என்ற காகிதத்தை மடித்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

திங்கள் காலை மேனேஜரும் வந்து நின்றார். சார் ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு தட்டாக எடுத்தார். "ஒண்ணு, பரவாயில்லே. ரெண்டு, மழைக்காத்து, நாலஞ்சு முளைச்சிருக்கு. மூணு, ஏதோ வழவழன்னு. நாலு, சொற்பம். அஞ்சு, ரெண்டே ரெண்டு வெள்ளைப் புள்ளி; நல்ல சுத்தம். ஆறு, ஒண்ணுமில்லே. ஏழு, அடடா, பளிங்கு!" எட்டாவதை எடுத்தார். தட்டே தெரியவில்லை, ஒரே கறுப்பு. அவர் முகம் மலர்ந்தது. "அகப்பட்டான்! இவனேதான்! மேனேஜர், இது எந்த வஸ்துவோ, அதை இந்த ரூம் வாசப்படி மிதிக்க விடப்படாது. ராட்சசன்! எதும்மா இது?"

டிபன் பாக்ஸைத் திறந்தேன். காகிதத்தில் எலுமிச்சை ஊறுகாய் எண்ணெய் பட்டிருந்தது. "அஞ்சு என் கை சார். ஏழு தொறக்காத தட்டு. அத ஊத்தனதும் என் கைதான். எட்டு..." காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன். "எட்டு உங்க மடித்துணி சார்."

மேனேஜர் சிரிப்பை இருமலாக மாற்ற முயன்று இரண்டும் கெட்டு வெளியே ஓடினார்.

சார் எழுந்தார். பழக்கத்தில் குச்சியை எடுத்தார், வைத்தார். லென்ஸை எடுத்துக்கொண்டு துணியின் மடிப்புக்குள் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "ஆத்துல வெயிலே இல்லே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "கொடியிலேயே நாலு நாள் ஈரமாக் கெடந்தது." பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை, பரீட்சைக் கேள்வி கேட்கிறவர் முகம். "அப்போ இது மடி இல்லையோ?"

"மடிதான் சார். பூஞ்சைக்குத்தான் அது தெரியல."

சார் வயிறு குலுங்கச் சிரித்தார். கூஜா விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை. "எடுத்துண்டு போய் ஆட்டோகிளேவ்ல போடு."

"நானு தொடலாமா சார்?"

"நீ தொடாம யார் தொடறது? இந்த ரூம்லயே சுத்தமான கை உன்னுதுதான்னு இப்போ நான்தானே படிச்சேன்!"

மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. மறுநாள் லேப் கதவில் மூன்று மொழியில், அவர் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது: முனிலட்சுமி உள்ளே வேலையாக இருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. 'முனி'யை விடவில்லை.

ஆறாவது முறை ஊற்றிய தட்டுகளில் மிளகுத்தூள் இல்லை. ஏழாம் நாள், ஒன்றும் கலக்காத தட்டில் கரும்புள்ளிப் பூஞ்சை விளிம்பு வரை படர்ந்திருந்தது. வெறும் ஸ்பிரிட் தட்டில் கொஞ்சம்தான் குறைவு. பிசின் மருந்து கலந்த தட்டில் வைத்த துண்டைச் சுற்றி ஒரு பொட்டு அளவு. அதற்கு மேல் நகரவே இல்லை. சார் ஸ்கேலைத் தலைகீழாகப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நான் சொல்லவில்லை, சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த கோடையில் பிசின் கரைசலில் முக்கிய பங்கனப்பள்ளிகள் பெட்டியில் மஞ்சள் கலையாமல் போய்ச் சேர்ந்தன. எல்லாப் பழத்துக்கும் போதுமான பிசின் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தரப் பெட்டிகளுக்கு மட்டும்தான் முக்கினோம். அவற்றுக்குப் பழுது வரவில்லை.

ஆனால் இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருவது, முதலாளி வந்த நாள். தட்டு முடிவைக் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து காரில் வந்தார். மேனேஜர் முன்னால் ஓடிவந்து கதவில் கை வைத்தார். நான் உள்ளே அடுத்த சோதனைக்குத் தட்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே சாரின் குரல் கேட்டது.

"தொறக்கப்படாது!"

"முதலாளி வந்திருக்கார் சார். அரை நிமிஷம் பாத்துட்டுப் போயிடுவார். பெல்ட்டுக்கு அனுப்ப இருந்த பொண்ணுதானே உள்ள?"

"அவ மடியா இருக்கா. யாரா இருந்தாலும் காத்துண்டுதான் இருக்கணும்."

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பளபளக்கும் ஷூவோடு முதலாளி, கைகட்டி மேனேஜர், வழிமறித்து நிற்கும் சார். மூன்று பேரும் வரிசையாக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் திட்டம் பன்னிரண்டு தட்டு. பன்னிரண்டும் முடிந்துவிட்டன. ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. ஃபிளாஸ்கின் அடியில் இன்னும் கொஞ்சம் அகார் இருந்தது.

பதின்மூன்றாவதாக ஒரு தட்டை எடுத்தேன். விளிம்பைச் சுடரில் காட்டி, சுற்றிலும் திருப்பி, கொஞ்சமும் அவசரமில்லாமல் ஊற்றினேன்.